ஐப்பசிப் பூ, சித்திரைக் காய்: எலுமிச்சையில் வளர்ச்சி ஊக்கிகளை அளந்து தெளிக்கும் முறை

புளியங்குடி, ராஜபாளையம், பெரியகுளம் வட்டாரங்களில் எலுமிச்சை வருடம் முழுக்கப் பூக்கும், வருடம் முழுக்கக் காய்க்கும். ஆனால் எல்லா மாதமும் ஒரே அளவில் இல்லை. தை, மாசியில் ஒரு பெரும்பூ, ஆனி, ஆடியில் இன்னொரு பூ. ஐப்பசியில் வருவது சொற்பம். பூ விரிந்ததிலிருந்து பழம் பறிக்க ஐந்து முதல் ஆறு மாதம் ஆகும். அதனால் தை மாதப் பூ ஆனி, ஆடியில் பழமாகிறது. ஆனி மாதப் பூ மார்கழி, தையில் பழமாகிறது. இரண்டுமே மண்டியில் மூட்டை மூட்டையாக இறங்கும் காலம். பறிகூலியும் வண்டி வாடகையும் போனால் கையில் நிற்பது கொஞ்சம்தான். சித்திரை, வைகாசியில் ஊரெல்லாம் எலுமிச்சை கேட்கும்போது மரத்தில் காய் இருக்காது. 2022 ஏப்ரலில் பல நகரங்களில் சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அப்போது பறிக்கப் பழம் வைத்திருந்த தோட்டங்கள் மிகக் குறைவு.

சித்திரையில் பழம் வேண்டுமானால் ஐப்பசியில் பூ வேண்டும். மகாராஷ்டிரத்தில் இந்தப் பூவுக்கு ஹஸ்த பஹார் என்று பெயர். அதை வரவழைக்க வேளாண் ஆராய்ச்சியில் தேறிய முறையை ஒரே வரியில் எழுதிவிடலாம்: ஜூனில் ஜிப்ரலிக் அமிலம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு), செப்டம்பரில் வளர்ச்சியை அடக்கும் சைகோசெல் 1000 பிபிஎம், அக்டோபரில் பொட்டாசியம் நைட்ரேட் 1 முதல் 2 சதவீதம். இந்த ஒரு வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தெளித்து, பணமும் போய் பூவும் வராமல் நிற்பவர்கள் அதிகம். மருந்து பொய்யில்லை. அளவு தவறியிருக்கும், அல்லது மரம் அதற்குத் தயாராக இருந்திருக்காது.

மரம் எப்படிப் பூக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். குளிர் நாடுகளில் எலுமிச்சைக் குடும்பத்து மரங்களுக்குப் பனிக்காலக் குளிர்தான் பூக்கும் சமிக்ஞை. நம் பக்கம் அந்த அளவு குளிர் கிடையாது. இங்கே அந்த வேலையைத் தண்ணீர்ப் பஞ்சம் செய்கிறது. மரம் காய்ந்து, வளர்ச்சி நின்று, பிறகு தண்ணீர் கண்டதும் மொட்டு உடைந்து பூவாக வரும். 1986-இல் புளோரிடாவில் தஹிதி எலுமிச்சையை வைத்துச் செய்த ஆய்வில், இரண்டு வாரக் கடும் வறட்சியே பூவைத் தூண்டப் போதுமானதாக இருந்தது. ஜிப்ரலின் இதற்கு நேர் எதிர். அது மரத்துக்குள்ளேயே சுரக்கும் வளர்ச்சி ஊக்கி; ஜிப்ரலிக் அமிலம் அந்த வகைதான். அது மிகுந்திருக்கும் நேரத்தில் மொட்டு பூவாக மாறாமல் கொழுந்தாகிவிடும். காய் நிறைந்த மரம் அடுத்த முறை குறைவாகப் பூப்பதற்குப் பிஞ்சிலிருந்து வரும் ஜிப்ரலினும் ஒரு காரணம்.

இதைப் புரிந்துகொண்டால் மூன்று தெளிப்புகளின் தர்க்கம் தெளிவாகும். ஜூனில் வெளியிலிருந்து ஜிப்ரலிக் அமிலம் கொடுத்து ஆனி, ஆடிப் பூவைக் கொழுந்தாகத் திருப்பிவிடுகிறோம். அந்தக் கொழுந்து மூன்று மாதத்தில் முற்றிக் கிளையாகிறது. செப்டம்பரில் சைகோசெல் கொடுத்து மரம் தானாக ஜிப்ரலின் தயாரிப்பதைத் தடுக்கிறோம். கூடவே தண்ணீரையும் நிறுத்துகிறோம். அக்டோபரில் பொட்டாசியம் நைட்ரேட் கொடுத்து உறங்கும் மொட்டை எழுப்புகிறோம். ஆனியில் பூத்திருக்க வேண்டிய மரத்தை ஐப்பசி வரை காத்திருக்க வைப்பதுதான் மொத்த வேலையும்.

எந்த மரத்துக்குச் செய்யலாம்? ஐந்து வயது தாண்டி, இலை கரும்பச்சையாக, நுனி காயாமல் நிற்கும் மரத்துக்கு மட்டும். நுனிக்கருகல் உள்ள மரம், அடித்தண்டில் பிசின் வடியும் மரம், சென்ற மாதம்தான் கவாத்து செய்த மரம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். தோட்டம் முழுவதையும் ஒரே வருடத்தில் இதற்குள் இழுக்கவும் வேண்டாம். பாதியை இந்த வருடம், மீதிப் பாதியை அடுத்த வருடம் என்று மாற்றிக்கொண்டால் மரமும் தேறும், மற்ற மாதங்களில் கைச்செலவுக்குப் பழமும் இருக்கும். தெளிக்கும் பகுதியிலேயே நடுவில் ஐந்து மரங்களுக்குச் சாயம் பூசி, தெளிக்காமல் விடுங்கள். அவை இல்லாவிட்டால் வந்த பூ மருந்தால் வந்ததா, மழையால் வந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது.

பாட்டில் கணக்கு

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தெளிப்புக் கணக்கில் ஒரு பிபிஎம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் மருந்துச் சத்து. 50 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 50 மில்லிகிராம், 100 லிட்டருக்கு 5 கிராம் சத்து. பாட்டிலில் உள்ளது முழுக்கச் சத்து இல்லை. எத்தனை சதவீதம் என்று லேபிளில் இருக்கும். அதைக்கொண்டு வகுக்க வேண்டும்.

கடையில் ஜிப்ரலிக் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது 0.001 சதவீதத் திரவம். அந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 0.001 சதவீதம் என்றால் 10 பிபிஎம். தண்ணீரே கலக்காமல் பாட்டிலை அப்படியே மரத்தில் ஊற்றினாலும் 50 பிபிஎம் வராது. நெல்லுக்கும் காய்கறிக்கும் வேறு நோக்கத்துக்காக வரும் சரக்கு அது; பூவைத் தள்ளிப்போட உதவாது. நமக்கு வேண்டியது 90 சதவீதத் தூள், அல்லது தண்ணீரில் கரையும் 40 சதவீதக் குருணை. 90 சதவீதத் தூள் என்றால் 100 லிட்டருக்கு 5.6 கிராம்; 40 சதவீதக் குருணை என்றால் 12.5 கிராம்.

90 சதவீதத் தூள் நேரடியாகத் தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் மணலாகத் தங்கும். ஒரு கண்ணாடிக் குவளையில் தூளைப் போட்டு, அது முழுதாகக் கரையும் வரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ எத்தனாலோ கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். தெளிந்த பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றி, அதன் பிறகு டிரம்மில் சேருங்கள். 40 சதவீதக் குருணைக்கு ஆல்கஹால் தேவையில்லை.

தண்ணீரின் கார அமில நிலையும் முக்கியம். ஜிப்ரலிக் அமிலம் காரத் தண்ணீரில் சிதைந்துவிடும். தென்மாவட்டங்களில் பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் பிஎச் 8-க்கு மேல் இருக்கிறது. பிஎச் காகிதம் வாங்கி டிரம் தண்ணீரைப் பாருங்கள். 7-க்கு மேல் இருந்தால் சிட்ரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்து 6-க்கு அருகில் கொண்டுவந்த பிறகே மருந்தைச் சேருங்கள். இத்தனை கிராம் என்று பொதுவாக ஓர் அளவு சொல்ல முடியாது. உப்புக்கு ஏற்ப கிணற்றுக்குக் கிணறு மாறும். கலந்த கரைசலை அன்றே தீர்த்துவிட வேண்டும். மீதியை மறுநாளைக்கு வைத்தால் அது வெறும் தண்ணீருக்குச் சமம்.

ஏக்கர் கணக்கு இது. 6 மீட்டருக்கு 6 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 111 மரங்கள். வளர்ந்த மரத்தின் இலை நுனியில் சொட்டு தொடங்கும் அளவுக்கு நனைக்க, மரத்துக்கு சுமார் 6 லிட்டர் ஆகும். ஆக 670 லிட்டர் கரைசல். 90 சதவீத ஜிப்ரலிக் தூள் 37 கிராம்; 50 சதவீத சைகோசெல் 1.35 லிட்டர், 1 சதவீத அளவுக்குப் பொட்டாசியம் நைட்ரேட் 6.7 கிலோ. உங்கள் மரம் பெரிதானால் முதலில் வெறும் தண்ணீரை ஐந்து மரத்துக்குத் தெளித்து, மரத்துக்கு எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்துவிட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். செறிவு சரியாக இருந்தும் மரத்தின் உச்சியும் உட்கிளைகளும் நனையாததால் பாதி மரம் மட்டும் கேட்டு, பாதி மரம் கேட்காமல் போவது சாதாரணமாக நடக்கிறது. நகைக்கடையில் பயன்படுத்தும் சிறு மின்னணுத் தராசு ஒன்று அவசியம். தீப்பெட்டி அளவு, மூடி அளவு என்பதெல்லாம் உரத்துக்குச் சரி, இதற்கு ஆகாது.

ஜூன்: பூவைத் தள்ளிப்போடுவது

தை, மாசிப் பூவின் பழங்களை முடிந்தவரை பறித்துவிட்டுத் தெளியுங்கள். ஜிப்ரலிக் பட்ட பழம் பச்சை மாறி மஞ்சளாவது தாமதமாகும். நம் மண்டியில் மஞ்சள் பழத்துக்குத்தான் விலை. கலிபோர்னியாவின் கடற்கரைப் பகுதி லெமன் தோட்டங்களில் இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தி, பழத்தைப் பழுக்கவிடாமல் மரத்திலேயே நிறுத்திவைக்கிறார்கள். நமக்கு அது இடைஞ்சல்.

நேரம்: மொட்டு கண்ணுக்குத் தெரிவதற்கு முன். கணுவில் வெள்ளை மொட்டு கடுகளவு தெரிந்துவிட்டால் அந்தப் பூவைத் தடுக்க முடியாது. தாமதித்துத் தெளிப்பவர்கள் ஆடிப் பூவையும் பெற்று, ஐப்பசிப் பூவையும் இழக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குள் அல்லது மாலை நான்கு மணிக்கு மேல் தெளியுங்கள். தென்காசிப் பக்கம் ஜூனில் சாரலும் காற்றும் இருக்கும்; தெளித்து ஆறு மணி நேரமாவது மழை படக்கூடாது. ஒட்டும் திரவம் லிட்டருக்கு 0.5 மில்லி போதும். போர்டோக் கலவையோ சுண்ணாம்பு சேர்ந்த எதுவோ இதனுடன் சேரக்கூடாது. தாமிர மருந்து அடித்திருந்தால் பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

தெளித்த மூன்றாம் வாரத்தில் கொழுந்து தள்ளும். இந்தக் கொழுந்தைக் காப்பதில்தான் வேலை இருக்கிறது. இலை துளைப்பான் புழு இலைக்குள் வெள்ளிக் கோடு போடும். அந்தக் காயம் வழியாகச் சொறிநோய் நுழையும். வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழு நர்சரிக் கன்றை மொட்டையடிப்பதைப்போல இளங்கிளையையும் மொட்டையடிக்கும். ஜூலைக் கொழுந்துக்குத் துத்தநாக சல்பேட் 0.5 சதவீதம், அதாவது 100 லிட்டருக்கு 500 கிராம் தெளிப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே உள்ளது. மார்ச், ஜூலை, அக்டோபர் என வருடம் மூன்று முறை. அடித்தண்டிலிருந்து நேராக எழும்பும் முரட்டுப் போத்துகளை ஒடித்துவிடுங்கள். அவற்றில் முள் இருக்கும், பூ இருக்காது.

செப்டம்பர்: பட்டினி

ஆகஸ்ட் கடைசியிலிருந்து தண்ணீரைக் குறைத்து, செப்டம்பர் முதல் வாரத்தில் முழுதாக நிறுத்த வேண்டும். சரளை கலந்த செம்மண்ணில் மூன்று நான்கு வாரம் போதும். கரிசலில் ஆறு வாரம்கூட ஆகலாம், ஏனென்றால் அது ஈரத்தை விடாது. நாட்களை எண்ணுவதைவிட இலையைப் பார்ப்பது நல்லது. மதியம் இலை மேல்நோக்கி மடங்கி, மறுநாள் விடியலில் விரிந்தால் மரம் தாங்குகிறது என்று பொருள். காலை எட்டு மணிக்கும் மடங்கியே இருந்தால் எல்லையை நெருங்கிவிட்டது. கால்வாசி இலை உதிர்ந்தால் பயமில்லை. பாதி உதிர்ந்தால் அளவு கடந்துவிட்டது. பூ வரும், பிஞ்சு நிற்காது.

காரணம் இருக்கிறது. எலுமிச்சையில் பூக்கொத்து இருவகையாக வரும். ஒன்று, இலையே இல்லாமல் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக. பார்ப்பதற்கு அழகு, ஆனால் அதில் நிலைக்கும் பிஞ்சு குறைவு. இன்னொன்று, இளம் இலைகளோடு சேர்ந்து வரும் பூ. பிஞ்சு நிற்பது இதில்தான். மரத்தை மிஞ்சிக் காயப்போட்டால் முதல் வகை மட்டும் வரும். “மரம் வெள்ளை வெளேரென்று பூத்தது, எல்லாம் கொட்டிவிட்டது” என்று வருந்துபவர்களின் தோட்டத்தில் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

தண்ணீர் நிறுத்திய பத்தாம் நாள் வாக்கில் சைகோசெல். வேதிப்பெயர் குளோர்மெக்வாட் குளோரைடு, 50 சதவீதத் திரவமாக வரும். 1000 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 2 மில்லி, 16 லிட்டர் டேங்குக்கு 32 மில்லி. செப்டம்பரில் மழை வந்து பட்டினி கலைந்துவிட்டால், 15 நாள் கழித்து இன்னொரு முறை இதே அளவில் தெளிக்கலாம். நாக்பூர் ஆரஞ்சில் ஈரம் காயாத கருமண் தோட்டங்களுக்கு இரண்டு முறை தெளிக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

அளவைக் கூட்ட வேண்டாம். 1000 பிபிஎம்மில் வேலை செய்யாத மரம் 3000-இலும் செய்யாது. இலை விளிம்பு மஞ்சளாகிக் கருகும், அவ்வளவுதான். சைகோசெல் உலோகத்தை அரிக்கும். பிளாஸ்டிக் டிரம்மில் கலக்கி, வேலை முடிந்ததும் தெளிப்பானின் பித்தளை நாசிலை நன்கு கழுவுங்கள். பட்டினிக் காலத்தில் யூரியா, சாணிக் கரைசல், அமினோ அமிலம் எதுவும் கொடுக்கக்கூடாது. ஒருபக்கம் வளர்ச்சியை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபக்கம் வளரச் சொன்னால் மரம் வளரத்தான் செய்யும். பக்கத்து வாழைத் தோட்டத்து வாய்க்கால் கசிவையும் பாருங்கள். ஓரத்து வரிசை மட்டும் பூக்காமல் நிற்பதற்கு அந்தக் கசிவே காரணமாக இருக்கும்.

மாமரத்துக்குப் பயன்படுத்தும் பேக்லோபூட்ரசால் என்ற வளர்ச்சித் தடுப்பான் இதைவிடச் சுலபம் என்று சொல்லப்படுகிறது. தாய்லாந்தில் கோடை எலுமிச்சைக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே சிமென்ட் உறைகளில் மரத்தை வளர்த்து, மழை படாமல் அடியைப் பிளாஸ்டிக்கால் மூடிப் பட்டினி போடும் முறையும் உண்டு. அந்த உறை முறை நம் வீட்டுத் தோட்டங்களுக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் பேக்லோபூட்ரசால் மண்ணில் நெடுநாள் தங்கும். அளவு கூடினால் அடுத்த ஒன்றிரண்டு வருடம் கொழுந்து குட்டையாக, இலை நெருக்கமாகக் குமைந்துகொண்டு வரும். திருப்பி எடுக்க வழியில்லை. இலை மேல் தெளித்துத் தீரும் சைகோசெல்லே எலுமிச்சைக்குப் பத்திரமானது.

அக்டோபர்: எழுப்புவது

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. அதற்கு முன், புரட்டாசிக் கடைசியில், பொட்டாசியம் நைட்ரேட் தெளிப்பு முடிந்திருக்க வேண்டும். 13-0-45 என்று மூட்டையில் அச்சிட்டிருக்கும் தண்ணீரில் கரையும் உரம்தான் இது. முதல் தடவை செய்பவர்கள் 1 சதவீதத்தில் தொடங்குங்கள்: 100 லிட்டருக்கு 1 கிலோ. பட்டினி கிடந்த இலையில் 2 சதவீதத்தை வெயிலில் அடித்தால் நுனி கருகும். மாலையில் அடியுங்கள். இந்த உப்பு தீயைத் தூண்டக்கூடியது. வைக்கோல், டீசல் பக்கத்தில் மூட்டையை வைக்காதீர்கள்.

தெளித்த மறுநாள் தண்ணீர். அதுவும் படிப்படியாக: முதல் நாள் அரைத்தண்ணீர், நான்கு நாள் கழித்து முழுத்தண்ணீர். காய்ந்து கிடந்த வேருக்கு ஒரே நாளில் பாத்தி நிறைய விட்டால் இருக்கும் இலையும் கொட்டும். ஆறு வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு வருடத்துக்குத் தழை 600, மணி 200, சாம்பல் 300 கிராம் என்பது பரிந்துரை. மணிச்சத்து, சாம்பல்சத்து முழுவதும், தழைச்சத்தில் பாதியும் அக்டோபரில். உரமாகச் சொன்னால் மரத்துக்கு சூப்பர் பாஸ்பேட் 1.25 கிலோ, பொட்டாஷ் அரைக் கிலோ, யூரியா 650 கிராம், அத்துடன் 30 கிலோ தொழுவுரம். இந்த முறைக்குப் போகும் மரத்துக்கு மட்டும் யூரியாவை இரண்டாகப் பிரித்து, பாதியை இப்போதும் மீதியைப் பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகும் வைப்பது நல்லது. முழுவதையும் இப்போதே வைத்தால் கொழுந்து பூவை முந்திக்கொள்ளும்.

மூன்று வாரத்துக்குள் மொட்டு தெரிய வேண்டும். ஐப்பசி பாதி கடந்தும் தெரியவில்லையானால் மறுபடி மருந்து வாங்க ஓட வேண்டாம். சாயம் பூசிய ஐந்து மரங்களைப் பாருங்கள். அவையும் இவையும் ஒரே மாதிரி கொழுந்துவிட்டிருந்தால் செப்டம்பரில் மரம் காயவே இல்லை என்று பொருள். அந்த வருடத்து வேலை அத்தோடு முடிந்தது.

அடைமழையில் பூத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. மழை பூவை அடித்துத் தள்ளும், தேனீ வராது, சொறிநோய் ஏறும். வரிசைக்கு இடையில் வடிகால் வெட்டி மரத்தடியில் தண்ணீர் நிற்காமல் செய்வதும், மழை வெறித்த இடைவெளியில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் தெளிப்பதும்தான் செய்யக்கூடியவை. மழை மிக அதிகமான வருடத்தில் பூவில் பெரும்பகுதி போகும். இருந்தும் நிற்கும் கொஞ்சத்துக்கே சித்திரை விலை ஈடுகட்டும் என்பதால்தான் இந்த வேலைக்கு மதிப்பு.

பிஞ்சு உதிர்வு

எலுமிச்சை பூக்கும் அளவுக்குக் காய்க்கவே காய்க்காது. நூறு பூவில் ஒருசிலதான் பழமாகும். மீதி கொட்டுவது இயற்கை. அதைப் பார்த்துப் பதறி ஊக்கி தெளிப்பது வீண்செலவு. முதலில் குனிந்து, உதிர்ந்ததை எடுத்துப் பாருங்கள். காம்போடு சேர்ந்து உதிர்ந்த மிளகு அளவுப் பிஞ்சு என்றால் மரம் தன் சுமையைத் தானே குறைத்துக்கொள்கிறது. கோலிக்குண்டு அளவைத் தாண்டிய காய் பச்சைப் புல்லிவட்டத்தை மரத்திலேயே விட்டுவிட்டுக் கழன்று விழுந்தால், அங்கேதான் ஊக்கிக்கு வேலை. காயில் ஊசித் துளை இருந்து, அழுத்தினால் சாறு பீய்ச்சினால் அது பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சி. தரையை ஒட்டிய காய்கள் பழுப்பு நிறமாகி வாடையடித்தால் அது மழைக்கால அழுகல். கடைசி இரண்டுக்கும் எந்த ஊக்கியும் பலன் தராது.

பல்கலைக்கழகப் பரிந்துரை இரண்டு: பூக்கும்போது 2,4-டி 20 பிபிஎம்; பிஞ்சு கோலிக்குண்டு அளவில் 2,4-டி 20 பிபிஎம் அல்லது என்ஏஏ (நாப்தலீன் அசிட்டிக் அமிலம்) 30 பிபிஎம். இரண்டில் என்ஏஏவைத்தான் சாதாரண விவசாயிக்குச் சொல்வோம். 4.5 சதவீதத் திரவமாக வருகிறது. 4.5 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி சேர்த்தால் 10 பிபிஎம்; ஆகவே 30 பிபிஎம்முக்கு 4.5 லிட்டருக்கு 3 மில்லி, 16 லிட்டர் டேங்குக்கு 10.7 மில்லி. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசிக் குழலால் அளந்தால் பிழை வராது. இதிலும் ஒரு பொறி உண்டு. 30 பிபிஎம்மில் காயை நிறுத்தும் அதே என்ஏஏ, 300 பிபிஎம் அளவுக்குப் போனால் பிஞ்சைக் கொட்டவைக்கும். ஆரஞ்சு வகைகளில் காய் கலைப்பதற்கே அந்த அளவைப் பயன்படுத்துகிறார்கள். கொஞ்சம் கூட ஊற்றினால் இன்னும் நிற்கும் என்ற நினைப்பு இங்கே தலைகீழாக முடியும்.

2,4-டி களைக்கொல்லி என்று எல்லோருக்கும் தெரியும். களைக்கு அடிக்கும் செறிவில் எண்பதில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மரத்துக்குத் தேவை, அதனால்தான் அளவு தவறினால் மரமே போகிறது. பயன்படுத்துவதானால் 80 சதவீத சோடியம் உப்பு மட்டும். எஸ்டர் வகை ஆவியாகிப் பரவும், தோட்டத்துக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. 20 பிபிஎம்முக்கு லிட்டருக்கு 25 மில்லிகிராம் தூள்; ஒரு டேங்குக்கு 0.4 கிராம். அதைச் சிறு தராசிலும் பிழையில்லாமல் எடைபோடுவது கடினம். 2.5 கிராம் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தாய்க்கரைசல் செய்து, அதிலிருந்து லிட்டருக்கு 10 மில்லி, டேங்குக்கு 160 மில்லி சேருங்கள். புட்டியின் மேல் பெயரும் செறிவும் எழுதிப் பூட்டி வையுங்கள்.

கொழுந்து இருக்கும்போது 2,4-டி பட்டால் இலை பட்டை பட்டையாக, சுருண்டு, நரம்பு நெருங்கி வரும். காற்றடிக்கும் நாளில் தெளித்தால் பக்கத்துப் பருத்தி, தக்காளி, கத்தரி, திராட்சை எல்லாம் கோணும். இதற்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். களைக்கொல்லி அடித்த தெளிப்பானைக் கழுவி அதிலேயே என்ஏஏ தெளித்துவிட்டு, என்ஏஏ கெடுத்துவிட்டது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கும் எந்த மருந்தின் லேபிளிலும் எலுமிச்சைக்கு ஒப்புதல் உண்டா, தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதைப் படியுங்கள். ஏற்றுமதிக்குப் பழம் கொடுப்பவர்கள் வாங்குபவரின் எச்ச வரம்பைக் கேட்டுக்கொண்டே டிரம்மைத் தொட வேண்டும்.

ஸ்பெயினில் கிளமென்டைன் ஆரஞ்சுக்குப் பூ உதிரும் நேரத்தில் ஜிப்ரலிக் தெளித்துப் பிஞ்சை நிறுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு அதையும் இங்கே செய்துபார்ப்பவர்கள் உண்டு. கிளமென்டைனில் விதை கிடையாது. நம் எலுமிச்சையில் விதை இருக்கிறது. பிஞ்சுக்கு வேண்டிய ஜிப்ரலினை அந்த விதையே தந்துவிடும்.

இயற்கை வழியில் நிற்பவர்கள், தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த தேமோர்க் கரைசலைக் கேட்பார்கள். இளநீரிலும் தேங்காய்த் தண்ணீரிலும் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி இருப்பது உண்மை. நல்ல மரத்தில் பூவுக்குப் பலமாக அது உதவலாம். ஆனால் ஆனிப் பூவைத் தடுத்து ஐப்பசிக்குக் கொண்டுபோகும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அவர்கள் தண்ணீர் நிறுத்துவதைச் செம்மையாகச் செய்தாலே பாதி பலன் கிடைக்கும்.

தை முதல் பங்குனி வரை

பிஞ்சு நின்ற பிறகு ஊக்கியின் வேலை ஏறக்குறைய முடிந்தது, இனி தண்ணீர்தான். மழை ஓய்ந்து தை பிறந்ததும் மண் சட்டென்று காயும். ஒரு வாரம் காயவிட்டு ஒரு நாள் வெள்ளமாக விட்டால் காய் வெடிக்கும், உதிரும். சொட்டுநீர் இருந்தால் தினம் அளவாக, இல்லாவிட்டால் ஆறு ஏழு நாளுக்கு ஒருமுறை தவறாமல். மரத்தடியில் காய்ந்த இலை, கரும்புச் சோகை என்று நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் விட்டுவிடுங்கள். தை, மாசியில் அதே மரம் இன்னொரு பூ எடுக்கப் பார்க்கும். ஐப்பசிக் காய் நிறையப் பிடித்திருந்தால் அந்தப் பூ தானாகவே குறையும். குறையாவிட்டாலும் அதைத் தடுக்க மருந்து வேண்டாம்.

பங்குனிக் கடைசியில் தோல் பளபளத்து, பச்சை வெளிற ஆரம்பித்ததும் பறிப்பைத் தொடங்கலாம். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் நான்கைந்து நாளுக்கு ஒரு பறிப்பு. கடைசிப் பறிப்பு முடிந்ததும் காய்ந்த குச்சிகளை வெட்டி, வெட்டுவாயில் போர்டோப் பசை தடவி, தொழுவுரம் வைத்து, தண்ணீரைத் தாராளமாக விடுங்கள். ஜூன் வந்ததும் ஜிப்ரலிக் டிரம்மைத் தோட்டத்தின் மறுபாதிக்குக் கொண்டுபோங்கள். இந்தப் பாதி அந்த வருடம் தன் போக்கில் பூக்கட்டும்.